எட்டு ஜன்னல் பெட்டி

குட்டையான ரயில் பெட்டியைப் பார்த்தால் எனக்கு இன்றைக்கும் கை துறுதுறுக்கும். நம் வயதுக்காரர்கள் முழங்காலுக்குத் தைலம் தேடிக்கொண்டிருக்க, நான் மலிவு விலைப் பொம்மை ரயில் பெட்டிகளை ஆன்லைனில் தேடிக்கொண்டிருக்கிறேன். மலிவுப் பெட்டிகள் எல்லாமே குள்ளம். பிளாஸ்டிக்கை மிச்சம் பிடிக்கிறேன் என்று செய்தவன் பாதியிலேயே முடித்துவிடுவான். இந்தக் கோடியில் ஒரு வாசல், அந்தக் கோடியில் ஒரு வாசல், நடுவே நாலே நாலு ஜன்னல். அப்படியே ஓடவிட்டால் தீப்பெட்டிக்குச் சக்கரம் வைத்த மாதிரி இருக்கும். நான் இரண்டாக வாங்குவேன். ஒன்றின் வாலையும் மற்றதன் தலையையும் வெட்டிவிட்டு, மிச்சத்தைச் சேர்த்து ஒட்டினால் எட்டு ஜன்னலோடு ஒரு முழுப் பெட்டி கிடைக்கும். என் மருமகள், வீட்டுக்கு வருகிறவர்களிடம், "அத்தை பொழுதுபோக்கு" என்று அலமாரியைக் காட்டுவாள். அதில் பெருமை பாதி, புலம்பல் பாதி.

வருகிறவர்களில் கண் கூர்மையானவர்கள், "கூரைக்கு எல்லாம் ஏன் சாம்பல் கலர்? வெள்ளி அடிச்சா எடுப்பா இருக்குமே" என்பார்கள். நான் பேச்சை மாற்றிவிடுவேன். பால்கனியில் மூடி போட்டு வைத்திருக்கும் வாளியைப் பற்றிக் கேட்டாலும் அப்படித்தான். உங்களிடம் மாற்ற வேண்டியதில்லை. நீங்களும் அந்தப் பட்டாசு ஊரில், அந்தச் சத்தங்களுக்கு நடுவே என்னோடு படித்து வளர்ந்தவர்கள்.

ஞாபகம் இருக்கிறதா? வகுப்பில் உட்கார்ந்திருக்கும்போது தூரத்தில் 'டம்' என்று ஒரு சத்தம் கேட்கும். வாத்தியார் சாக்பீஸை நிறுத்திவிட்டு ஜன்னலைப் பார்ப்பார். நாமும் பார்ப்போம். புகை எந்தத் திசையில் என்பதுதான் கேள்வி. நம் அப்பாவோ அம்மாவோ போன திசையில் இல்லையென்றால் மறுபடி கணக்குப் போடலாம். வேறொருத்தி பையை எடுத்துக்கொண்டு அழுதபடி ஓடுவாள். அவள் ஓடுவதைப் பார்க்கும்போது நமக்கு மூச்சு சீராக வரும். அப்படி வந்ததற்காக எனக்கு எப்போதும் வெட்கமாக இருந்திருக்கிறது.

எங்கள் அப்பாவுக்கு நாரணாபுரத்தைத் தாண்டி ஒரு சின்னப் பட்டாசு ஆலை. காம்பவுண்டுக்குள் தள்ளித் தள்ளி நாலைந்து அறைகள், வேப்பமரத்தடியில் ஒரு ஆபீஸ் ரூம், வாசலில் ஒரு போர்மேன். அப்பா பயங்கர கெடுபிடி. உள்ளே போகிறவர்கள் செருப்பைக் கழற்ற வேண்டும், சாவிக்கொத்து, சில்லறை, சேப்டி பின் எல்லாம் வாசலிலேயே போட வேண்டும். திரி வெட்டுகிற கத்தி பித்தளை. பட்டாசு மருந்து அள்ளுவது மரக்கரண்டி. இரும்பு என்ற பேச்சே அங்கே கிடையாது. இரும்பு உரசினால் பொறி, பொறி விழுந்தால் அவ்வளவுதான். தொழிலாளிகள் முதுகுக்குப் பின்னால் அவரை 'மெதுவா மொதலாளி' என்பார்கள். ஒரு நாளைக்கு நூறு தடவை 'மெதுவா' என்று சொல்வாராம்.

அந்தக் கெடுபிடியை அப்பா வீட்டுக்கும் கொண்டுவந்துவிடுவார். ஆலையிலிருந்து வந்ததும் பின்வாசல் வழியாகத்தான் நுழைவார். குளிக்கிற இடத்துக்குப் பக்கத்தில் ஒரு சிமெண்டுத் தொட்டி இருந்தது. சட்டை, வேட்டி, துண்டு எல்லாம் நேராக அந்தத் தண்ணீருக்குள் போகும். தலையோடு குளித்த பிறகுதான் எங்களைத் தொடுவார். ஆலையிலிருந்து வருவது எதுவானாலும் முதலில் தண்ணீருக்குள் என்பது எங்கள் வீட்டுச் சட்டம். நானும் அண்ணனும் அதை வைத்து விளையாடுவோம். அப்பா பள்ளிக்கூட மார்க் ஷீட்டைக் கேட்டால், "மொதல்ல தண்ணிக்குள்ள முக்குங்கப்பா" என்பான் அண்ணன்.

அந்த வருஷம் விருதுநகர் பங்குனிப் பொங்கலுக்குப் போனபோது பொருட்காட்சியில் அப்பா எங்களுக்கு ஒரு ரயில் வாங்கிக் கொடுத்தார். சாவி கொடுத்தால் ஓடும் இன்ஜின், வட்டமாகப் பூட்டுகிற தண்டவாளம், இரண்டு பெட்டி. சண்டை வரக் கூடாது என்று நீலப் பெட்டி அண்ணனுக்கு, சிவப்பு எனக்கு. மூன்று மாசம் அது ஓடாத நேரமில்லை. பிறகு ஒருநாள் அண்ணன் லெவல் கிராசிங்கில் சைக்கிளை நிறுத்திக்கொண்டு பாசஞ்சர் வண்டியைக் கண்ணெடுக்காமல் பார்த்துவிட்டு வந்தான். அன்றோடு அவனுடைய நிம்மதி போயிற்று.

"நம்மது பெட்டியே இல்ல பிள்ள. டப்பா. நெசப் பெட்டி எம்புட்டு நீளம் தெரியுமா? நாலு ஜன்னலுக்குள்ள மனுசன் எப்படிப் படுத்துட்டுப் போவான்?"

இரண்டையும் வெட்டி ஒன்றாக்க வேண்டும் என்றான். நான் என் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு அழுதேன். இரண்டு நாள் பேச்சுவார்த்தை நடந்தது. தலை என்னுடையது, வால் அவனுடையது, வெட்டி எடுக்கும் இரண்டு முனைகளும் எனக்கே சொந்தம் என்று முடிவானது. அந்த முனைகளை ஒன்றோடொன்று ஒட்டி எனக்கு ஜன்னலே இல்லாத ஒரு கார்டு பெட்டி செய்து தருவதாகவும் சத்தியம் செய்தான். சத்தியத்தைக் காப்பாற்றினான் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

ஆனால் வெட்டுவது எப்படி? பக்கத்துத் தெருவில் பெரியப்பாவின் அச்சாபீஸ் இருந்தது. அங்கிருந்து இரும்பு அறுக்கிற ஆக்ஸா பிளேடு ஒன்றை வாங்கிவந்து, முற்றத்தில் பெட்டியை முழங்காலுக்கு இடையில் வைத்துக்கொண்டு அறுக்க ஆரம்பித்தான். 'கர்ர் கர்ர்' என்று சத்தம். அந்நேரம் அப்பா சாப்பிட வந்தார். பின்வாசலில் இருந்து எப்படி முற்றத்துக்கு வந்தார் என்று தெரியாது. பிளேடு ஒரு பக்கம் பறந்தது, அண்ணன் ஒரு பக்கம் கிடந்தான். அப்பா அதுவரை எங்களை அடித்ததே இல்லை.

"இரும்ப உரசுவியாலே? என் வீட்டுலயே உரசுவியா?"

எனக்கு அந்த அடியைவிட, அடித்த கையோடு அப்பா பிளேடைத் தேடி எடுத்துத் தொட்டித் தண்ணீருக்குள் போட்டதுதான் பயமாக இருந்தது. பட்டாசுக்கும் அந்த முற்றத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அங்கே காய்ந்துகொண்டிருந்தது மிளகாய் வத்தல். அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "இரும்பு ஆகாதுன்னா நானும் அருவாமனையத் தூக்கி எறிஞ்சிருதேன். நாளையிலருந்து வெங்காயத்தப் பல்லால கடிச்சுத்தான் குழம்புல போடணும், சம்மதமா?" என்றாள். அப்பா சிரிக்கவில்லை. அண்ணன் வாங்கி வைத்திருந்த உப்புத்தாளையும் பிடுங்கிப் பீரோவின் மேலே போட்டார். "உரசுற சோலியே இந்த வீட்டுக்குள்ள வேண்டாம்" என்றார்.

மறுநாள் அவருக்கே மனசு கேட்கவில்லை. திரி வெட்டும் பித்தளைக் கத்தி ஒன்றைக் கொண்டுவந்து, தொட்டியில் முக்கி எடுத்து, துடைத்து அண்ணன் கையில் கொடுத்தார். "இதால கீறிக் கீறி ஒடி. மெதுவா."

பித்தளையால் பிளாஸ்டிக்கை அறுக்க முடியாது. கீறத்தான் முடியும். ஒரே கோட்டின் மேல் திரும்பத் திரும்பக் கீறினோம். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அவன் கொஞ்சம், நான் கொஞ்சம். கீறல் ஆழமானதும் இரண்டு கட்டைவிரலால் அழுத்தினால் 'டிக்' என்று நேராக ஒடியும். இன்று இந்த வேலை செய்கிறவர்கள் எல்லோரும் இதே முறையைத்தான் சொல்கிறார்கள். அப்பாவின் வீண் பயம் எங்களுக்கு நல்ல முறையைக் கற்றுக்கொடுத்திருக்கிறது என்று நான் பல வருஷம் சிரித்திருக்கிறேன்.

மிச்ச வேலைக்குப் பெரியப்பா அச்சாபீஸ் இருக்கவே இருந்தது. உருளை துடைக்கிற தின்னரை மயிலிறகால் தொட்டு வெட்டுவாயில் தடவினால் பிளாஸ்டிக் இளகி ஒட்டிக்கொள்ளும். நீளம் கூடியதும் பெட்டி நடுவில் தொய்ந்தது. பில் புத்தகத்தில் கோடு அச்சடிக்க வைக்கும் பித்தளைத் தகடு ஒன்றை அடியில் கொடுத்து நிமிர்த்தினோம். நடுவில் இருந்த சக்கரங்களைக் கழற்றிவிட்டு இரண்டு கோடியில் மட்டும் வைத்தோம். நீலமும் சிவப்பும் தெரியாமல் இருக்க, தீப்பெட்டி லேபிளுக்கு அடிக்கிற செங்காவி மையைப் பூசினோம். முதன்முதலாக அதை ஓட விட்டபோது வளைவில் முனை வெளியே துருத்திக்கொண்டு போய், அப்பா குடித்துக்கொண்டிருந்த காபி தம்ளரைத் தட்டிவிட்டது. சீசன் நேரம், தீபாவளி லோடு ஏற்ற முடியாமல் அப்பா சிடுசிடுவென்று இருந்த நாட்கள். அன்றைக்கு வேட்டியெல்லாம் காபியோடு அப்படிச் சிரித்தார்.

"அப்பா, கூரைக்கு மட்டும் வெள்ளி அடிச்சுட்டா அப்படியே நெசப் பெட்டிதான்" என்றான் அண்ணன்.

"வெள்ளிதானலே? நம்மட்ட இல்லாத வெள்ளியா?"

மின்னுகிற வெள்ளை வெளிச்சத்துக்காக எல்லா ஆலையிலும் அலுமினியப் பவுடர் வைத்திருப்பார்கள். அதைத்தான் எங்கள் ஊரில் வெள்ளி என்போம். வார்னிஷில் குழைத்தால் அதுவே வெள்ளிப் பெயிண்ட். மறுநாள் மத்தியானம் அப்பா சாப்பிட வந்தபோது சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்து அண்ணன் கையில் வைத்தார். வெள்ளி டப்பாவில் தானே அள்ளிக்கொண்டு வந்ததாகச் சொன்னார். அடிவாங்கிய பிள்ளைக்கு ஏதாவது கொடுக்க வேண்டும் என்ற அவசரம் அவர் முகத்தில் தெரிந்தது. சட்டை தொட்டிக்குள் போனது. பொட்டலம் போகவில்லை. ஆலையிலிருந்து வந்து, தண்ணீரைத் தொடாமல் எங்கள் வீட்டுக்குள் நுழைந்த ஒரே பொருள் அதுதான்.

முற்றத்தில் தினசரித்தாளை விரித்து, கொட்டாங்கச்சியில் வார்னிஷ் ஊற்றி, வேப்பங்குச்சியால் கலக்கினோம். நான் கலக்கினேன், அவன் அடித்தான். காய்ந்த பிறகும் பளபளப்பு வரவில்லை. மங்கலாக, சாம்பல் பூத்து, சொரசொரவென்று இருந்தது. "லேசா உப்புத்தாள் போட்டுத் தேச்சுட்டு இன்னொரு கோட்டிங் குடுத்தா சரியாயிரும்" என்று அண்ணன் பீரோவின் மேலே கையை நீட்டினான். "அப்பா வந்தா கொன்னுபோடுவாரு" என்றேன். முகத்தைத் தூக்கிக்கொண்டு கையை இறக்கிவிட்டான்.

ஆயுத பூஜை வந்தது. ஆலைக் காம்பவுண்டுக்குள் நெருப்பு நுழைவது வருஷத்துக்கு அந்த ஒருநாள்தான். எல்லா அறையையும் முதல்நாளே கழுவிப் பூட்டிவிட்டு, ஆபீஸ் ரூம் முன்னால் குத்துவிளக்கு ஏற்றி, கத்தி, கரண்டி, சல்லடை எல்லாவற்றுக்கும் சந்தனம் வைத்து, அப்பா சூடம் காட்டுவார். காலையில் புறப்படும்போது பெட்டியைக் கையில் எடுத்துப் பார்த்தார். "இதுவும் கைத்தொழில்தான. பூசையில வைப்போம். ஏலே, நீயே தூக்கிட்டு வா, நம்ம ஆளுகளுக்குக் காட்டணும்" என்றார். அண்ணனுக்குக் கால் தரையில் பாவவில்லை. பொரி மூட்டை ஏற்ற ரிக்ஷா வரும், அதில் நான் பின்னால் வர வேண்டும் என்று ஏற்பாடு.

அவர்கள் போனதும் அம்மா குளிக்கச் சொன்னாள். வெந்நீர் அடுப்பு அணைகிற மாதிரி இருந்தது. பக்கத்தில் கிடந்த குப்பையை அள்ளி உள்ளே தள்ளினேன். அதில் நாங்கள் பெயிண்ட் அடிக்க விரித்த தினசரித்தாளும் இருந்தது.

'புஸ்' என்று ஒரு சத்தம். பெரிய சத்தம்கூட இல்லை. ஆனால் அந்த வெளிச்சம்! அடுப்பு வாய் முழுக்க வெள்ளை வெளேரென்று ஒரு நெருப்பு எழுந்து என் முகத்துக்கு நேராக வந்து போயிற்று. கொஞ்ச நேரம் எதைப் பார்த்தாலும் நடுவில் ஒரு பச்சை வட்டம். இமை மயிர் பொசுங்கிய வாடை. அப்புறம் அந்தப் புகையின் மணம் வந்தது. நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு அந்த மணத்தை யாரும் சொல்லித்தர வேண்டாம். வெறும் வெள்ளி நெருப்பில் விழுந்தால் அங்கங்கே மினுக்கும், அவ்வளவுதான். இது வெள்ளி இல்லை. வெள்ளியோடு வெடியுப்பும் கந்தகமும் கலந்த பட்டாசு மருந்து.

நான் நின்ற இடத்திலேயே சிறுநீர் கழித்துவிட்டேன். சொல்ல வெட்கமில்லை, பயம் என்றால் அது. அந்த மருந்தைத்தான் நான் குச்சியால் கலக்கினேன். அந்த மருந்தைத்தான் கூரை முழுக்கப் பூசி, அண்ணன் இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு, சூடத்துக்கு முன்னால் நிற்கப் போயிருக்கிறான்.

அம்மா ஓடிவந்தாள். சொன்னேன். அவள் முதலில் சொன்னது, "அப்பாவா? உங்கப்பாவா மாத்தி எடுப்பாக? போடீ" என்பதுதான். பிறகு குனிந்து என் முகத்தைப் பார்த்தாள். பொசுங்கிய இமையைத் தொட்டாள். அவள் விரல் சில்லென்று இருந்தது. வாசலில் ரிக்ஷா மணி அடித்தது. ஈரப் பாவாடையை மாற்றக்கூட விடாமல் என்னைத் தூக்கிப் பொரி மூட்டை மேல் உட்கார வைத்தாள்.

"வெரசாப் போங்க" என்று ரிக்ஷாக்காரரிடம் சொன்னவள், என் காதருகே குனிந்தாள். "அத்தன பேரு முன்னாடி கத்திராத தாயி. அப்பா காதுல மட்டும் சொல்லு."

அந்த ரோட்டை நீங்கள் அறிவீர்கள். அன்றைக்கு எல்லாப் பிரஸ் வாசலிலும் வாழைக்கன்று, எல்லா இயந்திரத்துக்கும் மாலை, லாரிகளுக்குப் பூசணிக்காய் சுற்றல். வழி நெடுக யாரோ எதற்கோ சூடம் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். நாரணாபுரம் தாண்டியதும் கண்ணை மூடிக்கொண்டேன். சத்தம் கேட்டுவிடுமோ என்று காதையும் பொத்திக்கொண்டேன். "என்ன பாப்பா, காது வலியா?" என்று ரிக்ஷாக்காரர் கேட்டார்.

கேட்டுக்குள் நுழைந்தபோது மணியடித்துக்கொண்டிருந்தார்கள். ஆபீஸ் வாசலில் குத்துவிளக்கு. தரையில் விரித்த துணியில் பித்தளைக் கத்திகள். சுற்றி ஆண்களும் பெண்களும், இடுப்பில் பிள்ளைகளும். அப்பாவின் இடது கையில் சூடத்தட்டு. அவர் முன்னால் அண்ணன், நெற்றியில் பட்டையோடு, பெட்டியை இரண்டு கையிலும் ஏந்தி நீட்டிக்கொண்டு நின்றான். தீபம் பெட்டிக்கு நன்றாகக் கிடைக்கட்டும் என்று கூரையைத் தட்டின் பக்கம் சாய்த்துப் பிடித்திருந்தான்.

கத்த வேண்டும் என்று வாயைத் திறந்தேன். குரல் வரவில்லை. அம்மா சொன்னதற்காக அல்ல. வரவே இல்லை. ஆட்களின் காலுக்கு இடையில் நுழைந்து போய் அப்பாவின் வேட்டியைப் பிடித்து இழுத்தேன். அவர் சிரித்தபடியே குனிந்தார்.

"அப்பா, கூரையில வெள்ளி இல்ல. மருந்து."

"யாரு சொன்னா?"

"அடிச்ச பேப்பர அடுப்புல தள்ளுனேன். வெள்ளையாப் பத்திக்கிச்சுப்பா."

அப்பா என் இமையைப் பார்த்தார். அவர் முகத்தில் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. பிறகு வலது உள்ளங்கையைக் கவிழ்த்து எரிகிற சூடத்தின் மேல் வைத்து அமுக்கினார்.

யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. மணியடித்தவர் நிறுத்திவிட்டார். அப்பா திரும்பி, குத்துவிளக்கின் திரிகளை ஒவ்வொன்றாக விரலால் நசுக்கினார். பூஜை விளக்கை வாயால் ஊதிக்கூட அணைக்க மாட்டோம். பூவால் அமர்த்துவோம், அதுவும் எல்லாம் முடிந்த பிறகு. ஒரு பெண் "ஐயோ" என்று வாயில் அடித்துக்கொண்டாள். போர்மேன் ஓடிவந்தார். "மொதலாளி, என்ன செய்றீக? சீசன் நேரம், ஆகாது மொதலாளி!"

அப்பா அண்ணன் கையிலிருந்து பெட்டியை வாங்கினார். எப்போதும் 'மெதுவா' என்கிறவர், அன்றைக்கு நடந்த நடை எனக்கு மறக்காது. தூங்குகிற குழந்தையைக் கொண்டுபோவது போல அவ்வளவு மெதுவாக நடந்து, அறை வாசலில் இருந்த தண்ணீர்த் தொட்டிக்குள் பெட்டியை இறக்கினார். அது மிதந்தது. வெந்த கையாலேயே அமுக்கிப் பிடித்தார். எட்டு ஜன்னல் வழியாகவும் குமிழி வந்தது. குமிழி நின்ற பிறகும் அவர் கையை எடுக்கவில்லை.

நிமிர்ந்து ஆட்களைப் பார்த்தார். நான் நினைத்தேன், இப்போது சொல்வார் என்று. அவர் சொன்னது இதுதான்: "பிள்ள என்னத்தையோ கனாக் கண்டு பயந்துபோய் ஓடிவந்திருக்கு. நானும் பதறிட்டேன். ஒண்ணுமில்ல, பொரி வாங்கிட்டுப் போங்க."

அத்தனை கண்ணும் என் பக்கம் திரும்பின.

பெட்டியை ஒரு வாளித் தண்ணீரில் போட்டு அதே ரிக்ஷாவில் எங்களை வீட்டுக்கு அனுப்பினார். அண்ணனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவன் வாளிக்குள் பார்த்தபடியே, "அப்பா போயி மாத்தி எடுத்துக் குடுப்பாரா? உன்னையக் கூட்டிட்டுப் போகலன்னுதான இப்படிச் செஞ்ச?" என்றான். இமையைக் காட்டினேன். "அடுப்புல குனிஞ்சா பொசுங்கத்தான் செய்யும்" என்றான். அந்தத் தீபாவளி முழுக்க அவன் என்னோடு பேசவில்லை.

விளக்கு அணைந்த ஆலைக்கு மறுநாள் பாதிப் பேர் வேலைக்கு வரவில்லை. அதற்கும் காரணம் நான்தான் என்று ஆயிற்று. 'பயந்த கோளாறு' என்று கோயில் பூசாரியிடம் கூட்டிப்போய் முகத்தில் தண்ணீர் அடித்து, வேப்பிலையால் நீவி, கையில் கறுப்புக் கயிறு கட்டிவிட்டார்கள். அப்பாதான் கூட்டிக்கொண்டு போனார். கட்டுப்போட்ட கையால் என் தலையைத் தடவிக்கொண்டே பூசாரியிடம், "சின்னச் சத்தத்துக்கும் பயப்படுதா சாமி" என்றார். பள்ளிக்கூடத்தில் எனக்குப் பயந்தாங்கொள்ளி என்று பேர் விழுந்தது. உங்களில் இரண்டு பேராவது என்னை அப்படிக் கூப்பிட்டிருக்கிறீர்கள், மறுக்க வேண்டாம்.

அம்மா? அம்மாவுக்குத் தெரியும். எனக்கு மட்டும் கொஞ்ச நாள் குழம்பில் கூட ஒரு கரண்டி நல்லெண்ணெய் விட்டாள்.

ரொம்ப நாள் கழித்துப் போர்மேன் ஒருநாள் வீட்டுக்கு வந்தபோது அம்மாவிடம் சாதாரணமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். "முன்னெல்லாம் சாயங்காலம் மிஞ்சுற மருந்த, அவசரத்துக்குக் காலி வெள்ளி டப்பாவுலயே போட்டு வச்சிட்டுப் போயிருவோம். ஆயுத பூசைக்கு அடுத்த நாள்லருந்து மொதலாளி அத நிறுத்திட்டாக. மிச்சம் ஒரு சிட்டிக இருந்தாலும் தண்ணியில கரைக்கணுமாம். என்ன கோவமோ தெரியல." அம்மா அவருக்கு இன்னொரு தோசை வைத்தாள். நான் அடுப்படி நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

பெட்டி எங்கள் பின்வாசல் சிமெண்டுத் தொட்டிக்குள் கிடந்தது. அப்பாவின் துணிகளுக்கு வேறு வாளி வந்துவிட்டது. தொட்டிக்கு ஒரு பலகை மூடி செய்து போட்டார். வார்னிஷில் குழைத்து அடித்த மருந்து தண்ணீரில் லேசில் கரையாது. பூச்சுக்குள்ளே தண்ணீர் போயிற்றா இல்லையா என்று யாருக்குத் தெரியும்? உடைத்துப் போடலாம் என்றால் உடைக்கிற கை உரசும். புதைக்கலாம் என்றால் தோண்டுகிற கடப்பாரை இரும்பு. அதனால் அங்கேயே கிடந்தது.

அடுத்த கோடை நம் பக்கத்தில் எப்படி இருந்தது என்று சொல்ல வேண்டியதில்லை. தெருக்குழாய் காற்றைத்தான் விட்டது. லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு வரிசையில் நின்று, வாங்கின தண்ணீரைப் பூட்டி வைத்துக் குடித்தோம். குளிப்பதே வாரத்துக்கு ஒருமுறை. ஒரு மத்தியானம் பின்வாசலில் தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டு நானும் அண்ணனும் எட்டிப் பார்த்தோம். அப்பா குடிதண்ணீர்க் குடத்தைச் சாய்த்து அந்தத் தொட்டிக்குள் ஊற்றிக்கொண்டிருந்தார். பலகையை மூடிவிட்டு, சந்தேகம் வந்தது போல மறுபடி திறந்து, கூரை முழுகியிருக்கிறதா என்று விரலால் தொட்டுப் பார்த்தார். அந்த உள்ளங்கையில் சூடம் வைத்த வடு இருந்தது. அம்மா பார்த்துக்கொண்டு நின்றாள். அவ்வளவு பஞ்சத்திலும் 'ஏன்' என்று அவள் கேட்கவில்லை.

அண்ணன் வெகுநேரம் அங்கேயே நின்றான். சாயங்காலம் என் பாயின் மேல் இன்ஜின் சாவி கிடந்தது. அதுவரை என்னைத் தொடக்கூட விடாத சாவி.

அப்பா கடைசிவரை சொல்லவில்லை. எனக்குக் கல்யாணம் பேச வந்தவர்களிடம்கூட, "பிள்ளைக்குக் கொஞ்சம் பயந்த சுபாவம், மத்தபடி தங்கம்" என்றார். எனக்கு அப்போது அவர்மேல் அவ்வளவு கோபம். இப்போது வேறு மாதிரி தோன்றுகிறது. அத்தனை ஆட்களைத் தன்னை நம்பி அந்த அறைகளுக்குள் உட்கார வைத்திருந்த மனுஷன், 'நானே மாற்றி எடுத்தேன்' என்று எப்படிச் சொல்வார்? பயத்தை யாராவது ஒருவர் பேரில் எழுத வேண்டியிருந்தது, என் பேரில் எழுதிவிட்டார். அவருடைய பங்கைத் தினம் தொட்டிக்குள் ஊற்றினார். கோபம் போய்விட்டது என்று மட்டும் நினைக்காதீர்கள். அது பாட்டுக்கு ஒரு பக்கம் இருக்கிறது.

அப்பாவும் அம்மாவும் போன பிறகு வீட்டை விற்றோம். காலி செய்கிற அன்று அண்ணன் தொட்டியின் பலகையைத் திறந்தான். செங்காவி வெளிறியிருந்தது. கூரை அதே மங்கல் சாம்பலில் அப்படியே இருந்தது. ஒட்டு விடவில்லை.

"ஒரு ஓரமாச் சுரண்டி, தீக்குச்சி வச்சுப் பாத்தா இப்பவே தெரிஞ்சிரும்லா" என்றான்.

"வேண்டாம்ண்ணே."

அவன் தலையில் ஒரு கறுப்பு முடி கிடையாது. பலகையைக் கையிலேயே பிடித்துக்கொண்டு, "எனக்கும் பயமாத்தான் இருக்கு பிள்ள" என்றான். அந்த வார்த்தைக்காக நான் எத்தனை வருஷம் காத்திருந்தேன் என்பது அவன் சொன்ன பிறகுதான் எனக்கே தெரிந்தது. பெட்டியை ஒரு பெயிண்ட் வாளித் தண்ணீரில் போட்டு, மடியில் வைத்துக்கொண்டு மதுரைக்கு வந்தேன். வாளிக்குள் மீன் இருக்கிறதா என்று பஸ்ஸில் கேட்டார்கள்.

போன மாசம் மருமகள் பால்கனியைக் கழுவும்போது மூடியைத் திறந்து பார்த்துவிட்டாள்.

"என்ன அத்தை, ரயில் பெட்டியத் தண்ணிக்குள்ள போட்டு வச்சிருக்கீங்க?"

என் வாயில் பதில் தயாராக இருந்தது. அப்பாவின் மகள் இல்லையா. "அதுவா? பசை தாங்குதான்னு பாக்கேன்."

"எத்தனை நாளைக்குப் பாக்கணும்?"

"இன்னும் கொஞ்ச நாள் கிடக்கட்டும்மா" என்றேன். அவள் உள்ளே போனதும் ஒரு செம்புத் தண்ணீரை ஊற்றி, கூரை முழுகியிருக்கிறதா என்று விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, மூடியைப் போட்டேன்.